பீட்டர், டேபிள் ஃபார் டூ!

வெளிநாட்டு நகரமான பரமட்டாவில், அந்த மலேசியச் சாப்பாட்டுக் கடை வாசலில் சனிக்கிழமைக் கூட்டம். பழனிசாமி உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, மனைவி வேதவல்லியின் பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் பரிமாறும் பெண் வாசலுக்கு வந்தாள். "பீட்டர்! டேபிள் ஃபார் டூ!"

பழனிசாமி விறுவிறுவென்று நடந்தார். வேதவல்லிக்குச் சுருக்கென்றது.

"போன வெள்ளிக்கிழமை உட்கார்ந்த அதே இடமா, பீட்டர்?" என்று அந்தப் பெண் இங்கிலீஷில் குழைந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைன்னீங்களே?" என்று வேதவல்லி கணவரைக் கேட்டாள்.

"அது டீம் லஞ்ச்மா."

"பீட்டர் யாரு?"

"பழனிசாமின்னா இவங்க வாயில நுழையுமா? டேபிளுக்குச் சும்மா ஒரு பேரு."

பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வந்தது. வேதவல்லி அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். டேபிளுக்கு ஒரு பெயர் என்றால், மற்றதற்கெல்லாம் என்னென்ன பெயரோ!

"பெத்தவங்க வச்ச பேரையே கட்டினவளுக்குத் தெரியாம மாத்தியிருக்கீங்க. இன்னும் எதையெல்லாம் மறைக்கிறீங்களோ!"

பழனிசாமி அவசரமாகச் சாப்பிட்டு முடித்து, பில்லைக் கட்டினார்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், வேதவல்லியின் ஆபீஸுக்குக் கீழே இருக்கிற காபிக் கடையைத் தாண்டினார்கள். கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஹாய் வேலரி! தினமும் குடிக்கிற காபிதானே?"

பழனிசாமி நின்றுவிட்டார். "யாரைக் கூப்பிடுறா?"

வேதவல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரையோ கூப்பிடுறா. நீங்க பேசாம நடங்க, பீட்டர்!"