முதல் மட்டை

காலையில் எழுந்து பல் துலக்கினான் பார்த்திபன். பாலை அடுப்பில் வைத்தான். வாசலில் விழுந்திருந்த சருகைக் கூட்டினான். திரும்பி வந்து பார்த்தபோது பால் பொங்கி வழிந்து, பாத்திரம் அடிபிடித்துக் கறுத்திருந்தது. வாரத்தில் பாதி நாள் இப்படித்தான். கொரோனா வந்தபோது மனைவி ஆனந்தி போனாள்; அவன் மூக்குக்கு வாசனை போனது. இரண்டும் திரும்பவில்லை. மிஞ்சிய பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு மேஜைக்கு வந்தான்.

மேஜை மேல் அவன் பிழைப்பு கிடந்தது. ஹாக்கி கார்டுகள்.

உள்ளங்கை அளவு வழவழப்பான அட்டை. மேலே ஆட்டக்காரரின் படம், கையெழுத்து. கீழே விரல்நகம் அளவுக்கு ஒரு மரத்துண்டு பதித்திருக்கும். அந்த ஆட்டக்காரர் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பிடித்த மட்டையிலிருந்து சீவியது. 'முதல் மட்டை' என்று அந்த வரிசைக்குப் பெயர். இப்போது எல்லாரும் ஃபைபர் மட்டையில் ஆடுவதால் மரத்துக்குத் தனி மவுசு. சென்னையிலிருந்து கோவில்பட்டி வரை ஆட்கள் காத்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே தீர்ந்துவிடும்.

கையெழுத்து நிஜம், மைதானம் மைதானமாக அலைந்து வாங்கியது. மரம்தான் பொய்.

வேலூரை விட்டு மலைமேல் வந்து, ஜமுனாமரத்தூருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த வீட்டின் பரணில் கிடந்த கட்டை அது. முன்பு குடியிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தபோது விட்டுப்போனது. நெருக்கமான ரேகை. ரம்பத்தை வைத்தால் அப்பளம் போல வந்தது.

கூரியர் அருண்ராஜ் பார்சல் எடுக்க வந்தான்.

"இன்னாண்ணா உள்ள வெக்கிறீங்க? உங்க பார்சலை ஏத்துனா என் பையே கோயில் மாதிரி ஆயிடுது!"

ராசியைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டான் பார்த்திபன்.

அவனுக்கு இருந்த ஒரே பயம் 'அம்பயர் மேடம்'. குழுவில் அந்தப் பெயரில் ஒரு பெண். முகம் யாருக்கும் தெரியாது. போன மாதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, போலி கார்டு விற்ற இருவரை நாறடித்துவிட்டாள். அவள் ஒரு வரி போட்டால் போதும், அவன் கடையை மூட வேண்டியதுதான்.

அருண்ராஜ் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. சுடிதார், தோளில் பை. முப்பது வயதிருக்கும். பையிலிருந்து அவனுடைய கார்டு ஒன்றை எடுத்தாள். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை.

"பார்த்திபன் நீங்கதானே? இது நீங்க செஞ்சதா?"

அம்பயர் மேடம்! மலையேறியே வந்துவிட்டாள்.

"ஆமா மேடம். உக்காருங்க. டீ போடட்டா?"

"வேணாங்க. பால் தீஞ்சிருக்கு." கண்ணாடியை மரத்துண்டின் மேல் வைத்தாள். "இந்தக் கட்டை..."

"ஒரிஜினல் மேடம்! ஆனந்தி மேல சத்தியம்!"

"ஒரிஜினல்தான். பாத்தாலே தெரியுது."

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. ஆனால் அவள் விடவில்லை.

"யாராச்சும் அறுத்துக் குடுக்குறாங்களா?"

"வேற ஆள் கையே படாது மேடம். எடுக்கறதும் நான்தான், அறுக்கறதும் நான்தான்."

"கூட்டாளி?"

"ஒருத்தரும் கெடையாது. ரெண்டு வருஷமா தனியா பண்றேன்."

"மிச்சம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் எப்போதோ தயாராகியிருந்தான். மீதிக் கட்டையை ஹாக்கி மட்டை வடிவில் செதுக்கி, பழைய கிரிப் சுற்றி, சேறு தடவி வைத்திருந்தான். பரணிலிருந்து இறக்கி, குழந்தையைக் கொடுப்பது போல அவள் கையில் கொடுத்தான்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய்க் கண்களை மூடினாள். விளையாட்டின் மேல் எவ்வளவு பக்தி என்று பார்த்திபனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"எல்லாம் உங்களோடதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

கார்டு சேகரிப்பவர்கள் அத்தாட்சி கேட்பது வழக்கம்தான். சந்தோஷமாகப் பேனாவை எடுத்தான். 'இந்த மரம் அசல். இதை அறுத்ததும் பதித்ததும் விற்றதும் நான் மட்டுமே' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு நீட்டினான்.

"குழுவுல ஒரு நல்ல வார்த்தை போடுங்க மேடம்."

"எந்தக் குழுங்க?" அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"எனக்கு ஹாக்கியே தெரியாதுங்க, நான் ஃபாரஸ்ட் ரேஞ்சர், போன வாரம் அமிர்தி செக்போஸ்ட்ல உங்க பார்சல் மணந்துதான் இப்ப மேல வந்தேன், ஆனா சந்தனக் கட்டையையும் குடுத்து சர்ட்டிஃபிகேட்டும் எழுதிக் குடுத்தது இந்த மலையிலேயே நீங்க ஒருத்தர்தான்."