கால் மணி முந்திய வேட்டு

பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஒரு மடக்குக் கஞ்சியும் குடித்த பிறகுதான் தாஜுன்னிசா முற்றத்தில் வெயிலைப் பார்த்தாள்.

மார்கழி மேகம் விலகியிருந்தது. மேற்கே பனந்தோப்புக்கு மேல் சூரியன் முழுசாக நின்றது.

கையிலிருந்த கஞ்சிக் கோப்பையைச் சட்டென்று தரையில் வைத்தாள்.

கடற்கரை மேட்டில் வேட்டுச் சத்தம் கேட்டதும் நோன்பு திறப்பது அந்த ஊர் வழக்கம். தினமும் மோதினார் மதார் தனியாகப் போய் வேட்டுப் போட்டுவிட்டு, பள்ளிவாசலுக்குத் திரும்பித் தொழுகைக்குப் பாங்கு சொல்வார். இன்றைக்கும் சத்தம் கேட்டது. ஊரே வாயை நனைத்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக் காலிதாவின் குரல் வந்தது. “லாத்தா, பொழுது அடையலையே. நம்ம நோன்பு என்னாகும்?”

“போச்சு. ஊருக்கே போச்சு. பெருநாள் கழிச்சு எல்லாரும் இன்னொரு நாள் பிடிக்கணும்.”

இருவரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் சந்துக்கு ஓடினார்கள்.

அங்கே கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஜமாத் தலைவருக்கு எதிரே மதார் நின்றிருந்தார்.

“மோதினாரே, வேட்டுப் போட்டது நீரா?”

மதாரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“அவர் இல்லை. நான்.”

கூட்டம் விலகியது. எண்ணெய்க் கையோடு வந்து நின்றவன் காதர் மைதீன். தாஜுன்னிசாவின் கணவன்.

“என் பந்துத் துப்பாக்கிதான். கடற்கரையில கொளுத்திப் பார்த்தேன். புத்தி கெட்டுப் போச்சு.”



காதர் மைதீன் பஸ் மெக்கானிக். ஓய்வு கிடைத்தால் அந்தத் துப்பாக்கிதான் அவனுக்கு விளையாட்டு. அடியை வெட்டிய டின்கள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, டியூப் ரப்பரால் இறுகக் கட்டியிருந்தான். அதன் வாயில் ஒரு டென்னிஸ் பந்து. உள்ளே பெட்ரோல் ஆவி. தீயைக் காட்டினால் பந்து பனைமரத்தைத் தாண்டும். சத்தம் மட்டும் அச்சாக வேட்டுச் சத்தம்.

அதனால்தான் நோன்புப் பிறை பார்த்த அன்றே ஜமாத்தில் பேச்சு எழுந்தது. “இந்த மாசம் பூராவும் அது வெடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்தவள் தாஜுன்னிசா. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரும் விட்டுவிட்டது.

இப்போது அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன.

“ஏம்மா, இதுதான் உன் வாக்கா?” என்றார் தலைவர்.

பிறகு காதர் மைதீனிடம் கையை நீட்டினார்.

“எங்கடா அந்தச் சனியன்? கொண்டு வா.”

“வீட்டுல கிடக்கு. எடுத்துட்டு வாரேன்.” காதர் மைதீன் மோதினார் பக்கம் திரும்பினான். “காக்கா, நீங்க போங்க. பொழுது அடைஞ்சதும் உங்க வேட்டைப் போடுங்க.”

மதார் கடற்கரை மேட்டுப் பக்கம் நடந்தார்.

சற்று நேரத்தில் வேட்டு முழங்கியது. ஒருவரும் எதையும் வாயில் வைக்கவில்லை.

“இது திங்கிற வேட்டா, விளையாட்டு வேட்டா?” என்று யாரோ கேட்டார்.

தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது காதர் மைதீன் துப்பாக்கியோடு காத்திருந்தான். ஜமாத்தார் கடப்பாரையால் போட்டது நாலே அடி. டின்கள் தட்டையாயின. ஆறு மாத உழைப்பு. அவன் இமைக்காமல் பார்த்தான். பிறகு வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

“ஏலே மைதீனு, அப்படியே பெருநாளையும் ஒரு நாள் முந்தி வச்சிரு” என்றபடி ஒருவர் போனார்.

வீட்டில் தாஜுன்னிசா சோறு வைக்கவில்லை.

“ஒரே ஒரு மாசம் கேட்டேன் மச்சான். ஊர் நடுவுல என் வாக்கை மிதிச்சிட்டீங்க.”

“மிதிக்கலை.”

“பின்னே?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் கொளுத்தவே இல்லை. நீ வாக்குக் கொடுத்த அன்னைக்கே கழற்றிப் போட்டுட்டேன். இப்ப ஓடி வந்துதான் சேர்த்துக் கட்டினேன். உடைக்கிறதுக்கு அவங்களுக்கு ஒண்ணு வேணும்ல?”

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப அந்தச் சத்தம்?”

“மதார் காக்காதான். கண்ணு மங்கிப் போச்சு. மேகத்தைப் பார்த்துப் பொழுது அடைஞ்சிருச்சுன்னு போட்டுட்டாரு. நான் அந்த வழியா வந்தப்ப மேட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தாரு. இன்னொரு தப்பு வந்தா பள்ளிவாசல் அறையைக் காலி பண்ணணும்னு போன வருசமே சொல்லிட்டாங்க. அதை விட்டா அவருக்கு ஏது வீடு?”

“அதுக்கு? நோன்பு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லலாமா?”

“நான் பொய் சொன்னப்ப இந்த ஊர்ல யாருக்கு நோன்பு இருந்துச்சு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதார் காக்காவின் அசைந்த உதடுகளே கண்ணில் நின்றன. அவள் வாக்கு தவறவில்லை. அதை இப்போதே தெருவில் போய்ச் சொல்லலாம்.

சுவருக்கு மேலே காலிதாவின் தலை தெரிந்தது.

“லாத்தா, வெளியில பேச்சு வேற மாதிரி இருக்கு. மோதினார்தான் போட்டிருப்பார், உங்க ஆளு பழியை ஏத்துக்கிட்டாருங்கிறாங்க. தலைவரு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. நீங்க சொன்னா நம்புவாராம்.”



தாஜுன்னிசா எழுந்து சுவரருகே போனாள்.

“மோதினாரை ஏன் இழுக்கிறாங்க? இவர்தான் கொளுத்தினார்னு போய்ச் சொல்லு. தீப்பெட்டி எடுத்துக் கொடுத்ததே நான்தான்.”