பாலூட்டும் அறை

"ஒவ்வொருத்தரா வந்து புடவையைத் தோள்ல போட்டுக் காட்டுங்கமா" என்று மேனேஜர் ஜெயப்ரியா சொன்னதும், வரிசையில் நின்ற துளசி முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். விடிகாலையில் பால் கொடுத்தது. இப்போது உச்சிவேளை. மார் கல்லாகக் கனத்து, ரவிக்கை நனையத் தொடங்கியிருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் பேர்போன பட்டுக்கடை அது. கல்யாண சீசனுக்கு விற்பனைப் பெண்கள் வேண்டுமென்று மூன்றாவது மாடியில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. வாங்க வருகிறவர்களுக்குத் தன் மேலேயே போட்டுக் காட்ட வேண்டும். அதுதான் வேலை, அதுதான் பரீட்சையும்.

அங்கே முன்பு வேலை பார்த்த ஜோதிகா, தாமலில் துளசிக்குப் பக்கத்து வீடு. கைக்குழந்தைக்காரி என்று தெரிந்தால் எடுக்க மாட்டார்கள், பட்டில் பால் பட்டால் கறை போகாதாம், வாயே திறக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். முன்பெல்லாம் நேராகவே கேட்பார்களாம். யாரோ புகார் கொடுத்து வம்பானதிலிருந்து கேட்பதில்லையாம்.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். மார்பு சும்மா இருக்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

ஆனால் மறைக்காமல் விதியில்லை. புருஷன் இளவரசன் லோடு ஆட்டோ கவிழ்ந்து, காலில் கம்பி வைத்துப் படுத்த படுக்கையாகக் கிடந்தான். இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். நாலு மாதக் குழந்தையோ தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் தொடவில்லை. தொட்டாலும் டப்பா பால் வாங்க வக்கில்லை. அதனால்தான் நாத்தனார் அபிநயாவிடம் குழந்தையைக் கொடுத்து, கடைக்கு எதிர்ப்பக்க நிழலில் உட்காரவைத்துவிட்டு மாடியேறியிருந்தாள்.

அப்போதுதான் ஜெயப்ரியா வரிசையைப் பார்த்துப் பொதுவாகப் பேசினாள். "கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா கூச்சப்படாதீங்கமா. அதோ ரூம் இருக்குது. பொறுமையா போய்ட்டு வந்து புடவை போட்டுக் காட்டுங்க. நானும் ரெண்டு பெத்தவதான்."

அவள் கை காட்டிய கதவில் தாயும் சேயுமாக ஒரு படம். துளசியால் நம்ப முடியவில்லை. தென்னேரியிலிருந்து வந்திருந்த ஒருத்தி முதலில் தயங்கித் தயங்கி உள்ளே போனாள். போனவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை.

அந்தப் பெண் முகம் தெளிந்து வெளியே வந்த பிறகு துளசிக்குத் தாங்கவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யார்தான் ஒதுங்கிப் போவார்கள்?

உள்ளே ஏசி, மெத்தை வைத்த நாற்காலி, இழுத்து மூடத் திரை. பாலை எடுத்துவைக்க பம்ப்பும் பாட்டிலும் ஒரு மேசையில். "அண்ணி, நம்ம ஊட்ட விட நல்லா இருக்குதே" என்று அபிநயா வாயைப் பிளந்தாள். குழந்தை ஆவலாய் வாய் வைத்ததும் துளசிக்கு வலி இறங்கியது, கூடவே அழுகையும் வந்தது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

மூலையில் ஒரு குட்டி பிரிட்ஜ் இருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே தெர்மாகோல்கூட எடுக்கவில்லை, ஒயர் சுற்றியபடியே கிடந்தது. புதுசு போல, இனிமேல்தான் போடுவார்கள் என்று மூடிவிட்டாள்.

அவள் மனசு அதற்குள் வேலையில் சேர்ந்தே விட்டது. காலையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறலாம். மத்தியானம் இங்கே வந்து எடுத்துவைத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இளவரசனிடம் இதைச் சொன்னால் வலியை மறந்து சிரிப்பான்.

குழந்தையை அபிநயாவிடம் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, உலர்ந்த மாராப்போடு வந்து நின்றாள். கொடுத்த மாம்பழ நிறப் பட்டை உதறி, மடிப்புப் பிசகாமல் தோளில் போட்டுத் திரும்பி நின்றாள். "உன் மேல போட்டா புடவையே பேசுதுமா" என்று ஜெயப்ரியா வாயாரச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தேறியவர்களை யூனிஃபார்ம் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பேர் பேராய்க் கூப்பிட்டார்கள். முந்தானையைத் தலைகீழாய்ப் பிடித்துத் தடுமாறியவள் பேர்கூட வந்தது. துளசி பேர் வரவில்லை. தென்னேரிக்காரி பேரும் வரவில்லை.

எங்கோ தவறிப்போயிருக்கும், அந்த அறையில் இருந்த நேரத்தில் பேரை எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று துளசி தன்னையே தேற்றிக்கொண்டாள். மேடம் தங்கமான மனுஷி; சொன்னால் சரிபண்ணிவிடுவாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஜெயப்ரியாவின் அறைக்குப் போனாள்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஜெயப்ரியா முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மொதலாளி, நான் யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. ரூமைத் தெறந்து வெச்சேன், அவங்களாவே போய் உக்காந்துட்டாங்க."