கறை நீங்கிய படம்

பதினோரு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைத்தவளைப் பார்த்து, "பாழாக்கிட்டீங்களே!" என்று கடையே அதிரக் கத்திவிட்டார் தையல்காரர். அநியாயம்தானே?

பழைய படங்களைச் சீராக்குவது அவள் தொழில். அவர் கொண்டுவந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சுப் படம். குழந்தைகள் கைகோத்து, வட்டமாகச் சுற்றி ஆடுகிறார்கள். வந்தபோது பூசணம் பூத்து, மூலை மடங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது நேற்றுதான் அச்சடித்ததுபோல் இருக்கிறது.

ஃப்ரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான்.

"ஒட்டுப் போடுறவருக்கே ஒட்டுப் போட்ட இடம் தெரியலையாம். அந்தக் கோபம்!"

தையல்காரர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடினார்.

"பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்கம்மா."

"எதை? பூசணத்தையா?" அவளுக்குச் சுருக்கென்றது. "இந்தப் பாப்பாவுக்கு முகமே இல்லாம இருந்துச்சு. மீட்டுக் கொண்டுவந்திருக்கேன். என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க!"

அவர் மறுபடி படத்தின் மேலேயே குனிந்தார்.

"நல்லதுக்குக் காலமில்லண்ணே." அவள் விடுவதாயில்லை. "பூசணத்தை எடுத்தேன். மடிப்பை நீவினேன். இவர் கேக்காததைக்கூடச் செஞ்சேன். வட்டத்துக்குப் பக்கத்துல யாரோ பென்சில்ல குச்சிக் கை, குச்சிக் கால் வச்சு ஒரு உருவத்தைக் கிறுக்கியிருந்தாங்க. அரை நாள் உட்கார்ந்து தடமே தெரியாம அழிச்சேன். இதுல எது தப்பு?"

தையல்காரரின் விரல் படத்தில் வெறுமையாக இருந்த ஓரிடத்தில் போய் நின்றது.

"எம் பொண்ணும்மா. ஏழு வயசு. கட்டிலை விட்டு எழுந்ததே இல்ல. 'நானும் ஆடறேம்பா'ன்னு தன்னைத்தானே வரைஞ்சுக்கிட்டா. அவ போய் மூணு வருஷமாச்சு."

சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே அவள் கேட்டாள்.

"அப்புறம் ஏங்க... ஏன் எங்கிட்டக் கொண்டுவந்தீங்க?"

"பூசணம் அவ கால்கிட்ட வந்துடுச்சும்மா. அவளை அரிச்சிடக் கூடாதேன்னுதான் ஓடி வந்தேன்."