கடைசி வரி

பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதித் தரும் அவள், பன்னிரண்டு வருடங்களாக மதிய இடைவேளையில் வலைப்பூ எழுதிவந்தாள். எதைப் போட்டாலும் முதல் பின்னூட்டம் லாரி ஓட்டும் ஒருவருடையதுதான். அவரும் ஒரு பதிவர். லாரியை எங்காவது ஓரங்கட்டிவிட்டு, எப்போதும் அதே பாட்டைத்தான் பாடுவார்: "கடைசி வரி பொய், தங்கச்சி. எடுத்துடு."

முதலில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருமுறை வீம்புக்கு எடுத்துப் பார்த்தாள். பதிவு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதிலிருந்து, எழுதும்போதே எது பொய் என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது.

போன மாதம் லாரிக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவளையும் சேர்த்துப் பதிவர்கள் பதினோரு பேர் மாலையோடு போனார்கள். அவள் அவரை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்று மதியம் அவருக்காக ஒரு பதிவு எழுதினாள். 'இனி என் பதிவுக்கு முதல் பின்னூட்டம் வராது' என்று முடித்தாள். வெளியிட மனம் வரவில்லை. வரைவாகச் சேமித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வெளியிடாத வரைவை அவளைத் தவிர யாரும் பார்க்க முடியாது. அதற்குப் பக்கத்தில், பின்னூட்டம் 1 என்றிருந்தது.

திறந்தாள்.

"கடைசி வரி பொய், தங்கச்சி. எடுத்துடு."

அவள் சிரித்த சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டர், "யாரும்மா வந்திருக்கா?" என்றார்.

"எங்க அண்ணன்தான், டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அந்த வரியை எடுத்தாள்.