முழுக்கைச் சட்டை

தம்பி பாயில் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பார்க்கிறவர்கள், இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். அவள் காலரை இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தாள்.

சட்டை அவனுடையது இல்லை. அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையில் யாரோ ஓர் ஆபீசர் வெளுக்கப் போட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

அவனுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் எலும்பைச் சம்மட்டியால் அடிப்பது மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் போடுகிற ஓர் ஊசிக்குத்தான் அது அடங்கும்.

போன தடவை பஞ்சர் கடையிலிருந்து அவனை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினாள். கிரீஸ் படிந்த பனியன், கறுத்த நகம், சின்ன வயதிலிருந்து டிரிப் ஏற்றிய தழும்புகள் இரண்டு கையிலும். வலி பொறுக்காமல் அவனே ஊசியின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டான்.

தொலைந்தது. டாக்டர் கையைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், போதைக்கு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். பெஞ்சில் புழுவாய்த் துடித்தவனைக் காவலாளி வந்து அதட்டிவிட்டுப் போனான்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு பையன் காரில் வந்து இறங்கினான். இதே நோய், இதே வயசு. அரை டவுசரும் கலைந்த தலையுமாக, கத்திக்கொண்டே வந்தான். அவனும் அதே ஊசியைப் பெயர் சொல்லித்தான் கேட்டான். விவரமான பையன் என்று மெச்சி உள்ளே கூட்டிப்போனார்கள். அக்காவின் வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

ஆத்திரப்பட்டு என்ன செய்ய? இப்போது சோப்புப் போட்டுத் தம்பியின் நகங்களைத் தேய்த்துக் கழுவினாள். தலை வாரிவிட்டாள். சட்டையை மாட்டி, தழும்பு தெரியாதபடி மணிக்கட்டுவரை பொத்தான் போட்டாள். கையைத் தூக்கும்போதெல்லாம் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“யாருக்குக்கா கல்யாணம்?” என்றான். அந்த நிலைமையிலும் நக்கல்.

“வாய மூடு. அங்க வந்து கத்தக் கூடாது, அழக் கூடாது. ஊசி பேர நீயா சொல்லவே கூடாது. நேரா நில்லு, அது போதும்.”

வலிக்கிறவன் வலிக்கிறது என்று சொல்ல இத்தனை வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. என்ன கண்றாவி இது.

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவன் அவள் கையைப் பிடித்து நெரித்தான். சத்தம் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தோளைத் தாங்கப் போனவளை விலக்கிவிட்டுத் தானே நடந்தான். அவசரப் பிரிவு மேஜைக்கு முன்னால் நேராக நின்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை பொடித்தது. அக்கா அதையும் சட்டென்று ஒற்றி எடுத்தாள். இந்தத் தடவை தப்பித்தோம் என்று நினைத்தாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. மரியாதையாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

“சொல்லுங்க சார். பேஷன்ட் எங்க?”