முப்பதாயிரம் என்று சொன்னேன்

என் மகன் பாலேந்திராவின் வலது கைக்கு அமெரிக்காக்காரன் போட்ட விலை பன்னிரண்டாயிரம் டொலர்.

தோள்மூட்டிலிருந்து விரல்நுனி வரை. மற்றக் கையும் இரண்டு காலும் இனாம்.

"முப்பதாயிரம்" என்றேன் நான்.

அது வெள்ளிக்கிழமை. என் கடைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மிஸ்டர் கார்வி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றார். ஞாயிறு மூன்று மணிக்குள் போன் வரும், வராவிட்டால் இந்தப் பேச்சையே மறந்துவிடுங்கள், ஆறு மணிக்கு எனக்கு விமானம் என்றார்.

இன்று ஞாயிறு. மணி இரண்டு.

பாலேந்திராவுக்குப் பதினேழு வயது. கொலிஜில் ஏ லெவல் கடைசி வருடம். என் கையெழுத்து இல்லாமல் அவனை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது.

அவன் ஆடியது கிரிக்கெற்தான். முழங்கையை மடக்கி எறிகிறான் என்று அம்பயர்மார் நோபோல் கொடுத்துக் கொடுத்தே கழற்றிவிட்டார்கள். லண்டன் கிங்ஸ்பரிப் பார்க்கில் பேஸ்போல் ஆடிய அமெரிக்கர்கள் அதே எறியைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒரு சந்தையில் கழிவு, அடுத்த சந்தையில் முதல்தரம். வியாபாரத்தில் இது புதினமில்லை.

பாதையை, பேஸ்போல் கிளப்புக்கு ஆள் சேர்க்கும் மிஸ்டர் கார்வி விளக்கியிருந்தார். முதலில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஆகக் கீழான லீக். பிறகு படிப்படியாக நாலைந்து. எல்லாவற்றுக்கும் மேலே மேஜர் லீக். நூறு பேர் ஏறத் தொடங்கினால் ஆறேழு பேர் உச்சிக்குப் போவார்களாம்.

அந்தக் கணக்கில் நான் தக்காளிகூட வாங்குவதில்லை.

பின்வளவில் பந்து சுவரில் மோதிக்கொண்டிருந்தது. எறிவான், பொறுக்குவான், கதவால் எட்டிப் போனைப் பார்ப்பான், திரும்பப் போய் எறிவான். என் மனைவி கோதை மாடிக்கும் கடைக்குமாக ஏழாவது தரம் படி இறங்கினாள். நான் ஒரே பருப்புப் பையை மூன்றாம் முறை நிறுத்தேன்.

அப்போதுதான் செபஸ்தியாம்பிள்ளை வந்தார். பழைய வாடிக்கைக்காரர். எட்மண்டனில் இருக்கும் தங்கையோடு பேசவேண்டுமாம். பில் கட்டாததால் வீட்டுப் போனை வெட்டிவிட்டார்கள்.

என் கடைப் போனுக்குப் பக்கத்தில் காசு போட ஒரு தகரப்பேணி இருக்கிறது. நிமிடத்துக்குப் பத்துப் பென்ஸ். சொந்தத் தம்பிக்கும் அதே விலைதான்.

"காசு வேண்டாம் அண்ணை. ஆறுதலாய்க் கதையுங்கோ."

அவர் பேணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன காணும், கடையை வித்துப்போட்டீரோ?"

தங்கையின் முழங்கால், மச்சானின் கோபம், பங்குச் சுவாமியின் நீண்ட பிரசங்கம். அவர் முடிக்கப் பார்த்த போதெல்லாம் நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"மருமகனுக்கு வேலை சரிவந்ததோ எண்டு கேளுங்கோ."

பாலேந்திரா பந்தும் கையுமாக உள்ளே வந்தான்.

"அப்பா! லைன் பிஸி எண்டா அவர் எப்பிடி எடுப்பார்? ப்ளீஸ், வைக்கச் சொல்லுங்கோ!"

"வாங்க வாறவன் பதறட்டும் தம்பி. விக்கிறவன் பதறினா விலை விழும்."

அவன் நம்பினான். உதட்டைக் கடித்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்தான். பந்து ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

மூன்று மணி அடித்தது.

மூன்று ஐந்து. செபஸ்தியாம்பிள்ளை போனை வைத்து, நன்றி சொல்லி, ஒரு பக்கெற் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு போனார். பந்து நின்றுவிட்டது. கோதை கடைசிப் படியில் குந்தினாள். போன் அடிக்கவில்லை.

மூன்று இருபதுக்கு வாசலில் ஒரு டாக்சி நின்றது.

மிஸ்டர் கார்வி மூச்சிரைக்க உள்ளே வந்தார். பெட்டி டாக்சிக்குள்ளேயே இருந்தது. மேலிடம் முதலில் இருபதுக்குத்தான் தலையாட்டியதாம். அதைச் சொல்ல எடுத்தால் லைன் பிஸி. பத்துத் தரம் எடுத்தும் பிஸி. வேறொரு கிளப் உங்களோடு பேரம் பேசுகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது, மேலிடத்துக்கும் விளங்கப்படுத்தினேன் என்றார்.

தாளைக் கவுண்டரில் விரித்தார்.

"முப்பதாயிரம். சம்மதம்."

யாழ்ப்பாணப் பெரியகடையில் என் அப்பாவின் புடைவைக் கடையில் வளர்ந்தவன் நான். விற்க மனமில்லாத சரக்கை யாராவது கேட்டால் நாங்கள் இல்லை என்று சொல்வதில்லை. கேட்டவன் திரும்பிப் பாராமல் போகிற மாதிரி ஒரு விலை சொல்வோம்.

அந்த விலைக்கும் அவன் ஓம் என்றுவிட்டால் கொடுத்தே ஆகவேண்டும். சொன்ன விலையிலிருந்து பின்வாங்கியவனுக்கு அந்தத் தெருவில் ஒருவனும் வெற்றிலைகூடக் கொடுக்கமாட்டான்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பாலேந்திரா கவுண்டரைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். கையில் இருந்த பந்து என் முதுகில் அழுந்தியது.

"உங்களை மாதிரி ஒரு யாவாரி உலகத்திலயே இல்லை அப்பா!"

கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் பேரம் தெரியும்.

நான் தனியாக லண்டனுக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. கலவரத்துக்குப் பிறகு தாயோடு வந்து இறங்கியபோது பதின்மூன்று. ஹீத்ரோவில் நின்ற கூட்டத்தைக் காட்டி, இதில் ஆர் அப்பா என்று அவளிடம்தான் கேட்டான்.

வரவு, முப்பதாயிரம் டொலர்.

எனக்கு வரவேண்டியது ஏழு வருடம். வந்தது நாலு. பாக்கி மூன்று.